பென்சில் டப்பாவில் ஒரு சிப்பி

என் மகளை எட்டாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்புக்கு இறக்கிவிட வேண்டியிருக்கும் என்று அவளுடைய வகுப்பு டீச்சர் சொன்ன அன்று எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்கு எதற்கும் கோபம்தான் முந்திக்கொண்டு வரும். அழுகை பின்னால், பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், சாவகாசமாக வரும்.

பள்ளி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தோம். டீச்சர் திருப்பாலைவனம் பக்கத்து ஊர்க்காரர். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். அவர் பொறுமையாகத்தான் பேசினார். நான்தான் பொறுமையாகக் கேட்கவில்லை.

"பொண்ணு கிளாஸ்ல வாயே திறக்க மாட்டேங்குதும்மா. சேர்ந்த முதல் நாள் ஒரு கணக்குக்குப் பதில் சொல்லுச்சு. அதோட சரி. நேத்து டச்சுக்காரங்க வந்த பாடம் நடத்தினேன். நம்ம பக்கத்துல எங்க கோட்டை கட்டினாங்கன்னு கேட்டேன். பழவேற்காடு, உங்க ஊரும்மா அது! அதுக்குக்கூட கல்லு மாதிரி உக்காந்திருக்கு."

"இன்னா டீச்சர் சொல்றீங்க? வூட்ல அவ வாய மூட வெக்கறதுக்குள்ள எனக்கு உயிரு போவுது!"

"பரீட்சைத் தாளும் பாதிதான் எழுதியிருக்கு. காலாண்டு வரைக்கும் பார்ப்போம்னு பெரிய டீச்சர் சொல்லித்தானே சேர்த்தாங்க? அவங்க வந்து பார்க்கும்போதும் இப்படியே இருந்தா ஏழாவதுலதான் உக்கார வைப்பாங்க."

அப்படி ஒரு நிபந்தனையில்தான் அவளைச் சேர்த்திருந்தோம். காட்டுவதற்கு எங்களிடம் பழைய பள்ளியின் மார்க் எதுவும் இல்லை. அவள் அதுவரை படித்த இடத்தில் மார்க் என்ற ஒன்றே கிடையாது.

அதைச் சொல்லிவிடுகிறேன். தோணிரேவைத் தாண்டி ஏரிக்கரையில் எங்கள் குப்பம். எங்கள் குப்பத்துச் சவுக்குத் தோப்பில் ஒரு கொட்டகை போட்டு, வெளியூரிலிருந்து வந்து தங்கிய ஓர் அக்கா பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பெஞ்சு இல்லை, மணி இல்லை, வகுப்பு இல்லை. சின்னதும் பெரிதுமாக எல்லாரும் வட்டமாக உட்காருவார்கள். ஒன்றை எடுத்தால் அது முடிகிறவரைக்கும் அதுதான். கழித்தல் கணக்குச் சொல்லித்தர அந்த அக்கா பிள்ளைகளை டச்சுக்காரன் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கல்லில் பிறந்த வருஷமும் செத்த வருஷமும் செதுக்கியிருக்கிறதே, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் ஆள் எத்தனை வயது வாழ்ந்தான் என்று தெரிந்துவிடும். "செத்தவன் மேல உக்காந்து கணக்குப் போடுதுங்களாம், விளங்குமா?" என்று குப்பமே பேசியது. நான் ஒவ்வொரு வாசலாகப் போய்ச் சண்டை போட்டேன். என் மகள் அங்கேதான் படிப்பாள், உங்களுக்கு இன்னா என்று கேட்டேன்.

அவ்வளவு சண்டை போட்டவளிடம் மகளே வந்து, "அம்மா, நான் பெரிய ஸ்கூலுக்குப் போறேன்" என்றாள். அக்காவும் அதையேதான் சொன்னார். இதற்குமேல் தன்னால் முடியாது, பத்தாவது பரீட்சை எழுத வேண்டுமென்றால் இப்போதே போய்விடுவது நல்லது என்றார். மகளுக்குப் பத்தாவதெல்லாம் பொருட்டில்லை. அவளுக்கு நீல யூனிபார்ம் வேண்டும், ரெட்டை ஜடையில் ரிப்பன் வேண்டும், பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் போக வேண்டும். எனக்கு முகம் சுருங்கிப்போனது. ஊரை எதிர்த்து நான் பிடித்த கொடியை அவளே சுருட்டி வைத்துவிட்டாள்.

ஆனாலும் தைத்துக்கொடுத்தேன். யூனிபார்ம் போட்டுக்கொண்டு அவள் கண்ணாடி முன்னால் நின்ற நிற்பைப் பார்த்தபோது, சரி, போகட்டும் என்றுதான் இருந்தது.

இப்போது வராந்தாவுக்கு வருகிறேன். அங்கிருந்து மகளை இழுத்துக்கொண்டு ஊர் பஸ் ஏறினேன். பஸ்ஸில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன். மீன் கூடையை இறக்கிவிட்டு ஊருக்குத் திரும்பும் பெண்கள் பஸ் முழுக்க இருந்தார்கள். சத்தம் போட்டால் நாளைக்கு லைட்ஹவுஸ் குப்பம் வரைக்கும் செய்தி போய்விடும்.

"டச்சுக்காரன் எங்கடி கோட்டை கட்னான்?"

"இது இன்னாம்மா கேள்வி? நம்ம ஊர்லதான்."

"தெரியுமில்ல? அப்ப ஏன்டி சொல்லல?"

"எப்டிம்மா சொல்றது? எனக்கு இன்னும் பாடு வரல."

நான் புரியாமல் பார்த்தேன். அவள் பென்சில் டப்பாவைத் திறந்து காட்டினாள். ரப்பருக்கும் காம்பஸுக்கும் நடுவில் ஒரு சிப்பி கிடந்தது. பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

எங்கள் ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். அங்கே ஆளாளுக்கு வலை போட்டால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். ஒருவன் தன் பாடு வந்து வலை போட்டுவிட்டால், மற்ற எல்லாருக்கும் வந்து முடிந்த பிறகுதான் அவனுக்கு மறுபடியும் வரும். அதுவரைக்கும் இறால் துள்ளி மடியில் விழுந்தாலும் அந்த இடத்தில் கை வைக்கமாட்டான். எங்கள் பிள்ளைகள் இதைப் பால் குடிக்கும்போதே கேட்டு வளர்ந்தவர்கள். தோப்புப் பள்ளியில் நான் முந்தி நீ முந்தி என்று சண்டை வந்தபோது, இங்கேயும் பாடு வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களேதான் சொன்னார்களாம். அக்காவும் சரி என்றார். ஆளுக்கு ஒரு சிப்பி. பேசியவர் தன் சிப்பியை நடுவில் இருக்கும் கொட்டாங்குச்சியில் போட்டுவிட வேண்டும். எல்லாருடைய சிப்பியும் விழுந்த பிறகு கவிழ்த்து அவரவர் எடுத்துக்கொள்ளலாம், மறுபடியும் பேசலாம்.

பெரிய பள்ளியில் முதல் நாளே ஒரு கணக்குக்குப் பதில் சொல்லிவிட்டாள். சிப்பியை டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறாள்.

"முன் பெஞ்சுல கொஞ்சம் பேருதாம்மா திரும்பத் திரும்பச் சொல்றாங்க. அவங்களுக்கு வெக்கமே இல்ல. பின்னாடி இருக்கறவங்க இன்னும் ஒரு தடவகூட பேசல. அவங்க பேசாம நான் எப்டி ரெண்டாவது தடவ பேசறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்துப் பெண் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பின் பெஞ்சு எப்போது பேசும்? நானும் அஞ்சாவது வரைக்கும் பின் பெஞ்சில் உட்கார்ந்தவள்தான், பெயர் கூப்பிட்டால் உள்ளேன் என்பதைத் தவிர வேறொன்றும் பேசியதில்லை. இவள் காத்திருந்தால் ஏழாவது என்ன, ஒன்றாவதுக்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

பரீட்சை விஷயத்தை நான் பார்த்துக்கொண்டேன். ஒரு கேள்வியை எடுத்தால் அது முழுசாக முடியாமல் அடுத்ததற்குப் போகமாட்டாள், அதுதான் தாள் பாதியில் நின்ற ரகசியம். அதனால் வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் தட்டி மணி அடித்தேன். தட்டினால் கையிலிருப்பதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். முதல் நாள் அழுதாள், "இன்னும் முடியலம்மா, பாதியில எப்டி விடறது?" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி, "இன்னா, வூட்ல சாமி வந்துட்ச்சா? தெனமும் தட்டு சத்தம் கேக்குதே!" என்று கேட்டாள். கொஞ்ச நாளில் பழகிவிட்டது. எவ்வளவு பழகியது என்றால், தட்டு சத்தம் கேட்டால் என் வீட்டுக்காரரும் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

பாடு விஷயம்தான் மசியவில்லை. நான் சொன்னால் கேட்கமாட்டாள், அவளுடைய நைனா சொன்னால் கேட்பாள் என்று அவரைப் பிடித்தேன். அவர் அப்போது சோறு தின்றுகொண்டிருந்தார்.

"நீயே சொல்லுய்யா. பாடும் வேணாம் ஒண்ணும் வேணாம், தெரிஞ்சா கைய தூக்குன்னு சொல்லு."

"மத்தவன் பாட்டுல போய் வலை போடுன்னு என் பொண்ணுக்கு நானே சொல்லணுமா? வேற ஆளப் பாரு."

"இது ஏரி இல்லய்யா, ஸ்கூலு!"

"எனக்கு ஏரிதான் தெரியும்."

நான் குழம்புச் சட்டியை ணங்கென்று வைத்தேன். இனி ராத்திரி முழுக்கச் சண்டைதான் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் மகள்தான் கேட்டாள்.

"நைனா, பாடு வந்தவன் அன்னிக்கி வரலன்னா இன்னா பண்ணுவீங்க?"

"கரையில நின்னு கூப்புட்டுப் பாப்போம்."

"கூப்புட்டும் வரலன்னா?"

"நிக்கறவன் போடுவான். இடத்த சும்மா விட முடியுமா?"

அவள் தட்டில் மிச்சமிருந்த மீனைத் தின்றுவிட்டு எழுந்து போனாள். அவள் என்ன முடிவு செய்தாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. சண்டை மட்டும் நின்றது.

மறுநாள் நானே பள்ளிக்குப் போனேன். டீச்சரிடம் பாடு, சிப்பி, கொட்டாங்குச்சி எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கே கேட்கக் கிறுக்குத்தனமாகத்தான் இருந்தது. சிரித்து அனுப்பியிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. அவர் குடையைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு, "அந்தச் சிப்பியைக் கொஞ்சம் காட்டச் சொல்லுங்க" என்றார். மகள் காட்டினாள். யார் யார் இன்னும் பேசவில்லை என்று டீச்சர் கேட்டார். இவள் மூச்சுவிடாமல் பெயர்களைச் சொன்னாள். கடைசியாக, ஆஜர் எடுக்கும்போதுகூட வாய் திறக்காமல் கையை மட்டும் தூக்குகிற ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னாள்.

"அவள விட்டுடு. கேட்டா அழுதுடுவா" என்றார் டீச்சர். பிறகு, "சரி, நீ என்னதான் பண்ணப்போற?" என்றார்.

"திரும்பிக் கேப்பேன் டீச்சர். 'நீ சொல்றியா'ன்னு. அவங்க வரலன்னா நான் சொல்றேன்."

"எனக்குப் பாடம் முடிக்கணும்மா. எல்லாரும் வாய் திறக்கற வரைக்கும் நின்னா மார்ச் வந்துடும்." குடையை எடுத்துக்கொண்டு, "கேளு. ஆனா சீக்கிரம் கேளு" என்றார்.

அந்த 'ஆனா சீக்கிரம்' என்பதற்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். முடியாது என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. பாடம் முடிக்கும் அவசரமும் இருந்தது. அந்த அவசரத்துக்கு நடுவில் என் மகள் தலையைத் திருப்புகிற அளவுக்கு ஓர் இடம் விட்டார்.

அதன்பிறகு கேள்வி கேட்டால் இவள் எழுந்து, பின்னால் திரும்பி, யாராவது ஒரு பெண்ணைப் பார்த்து, "நீ சொல்றியா?" என்பாளாம். முதலில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் இவளுக்குத் தெரியவில்லை, அதனால்தான் மற்றவர் தலையில் கட்டுகிறாள் என்றார்கள். இவள் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுத் தானே சொல்லிவிடுவாள். அடுத்த கேள்விக்கு அடுத்த பெண். கணக்கு வாத்தியாருக்கு விவரம் தெரியாது, வகுப்பில் பேசினாள் என்று வெளியே நிற்கவைத்துவிட்டார். டீச்சர்தான் போய்ச் சொல்லி உள்ளே அழைத்துவந்தார்.

காலாண்டுப் பரீட்சை முடிந்த வாரம் பெரிய டீச்சர் வகுப்புக்கு வந்தார். இவளைப் பார்க்கத்தான் வந்தார். நான் அன்றைக்கு வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை. எங்கள் குப்பத்து அம்மனில் தொடங்கி, போகிற வழியில் இருந்த தர்காவிலும் சக்கரை வைத்துவிட்டுப் போய், பள்ளி வாசலில் நின்றேன். உள்ளே நடந்ததை டீச்சர்தான் பிறகு வந்து சொன்னார்.

பெரிய டீச்சர் நேராக இவளைப் பார்த்தே கேட்டாராம். டச்சுக்காரர்கள் வந்த வருஷத்தையும் போன வருஷத்தையும் போர்டில் எழுதி, "எத்தனை வருஷம் இருந்தாங்க?" என்றாராம். கல்லறையில் உட்கார்ந்து கழித்தல் படித்தவளுக்கு அது ஒரு கேள்வியா? எழுந்தாள். எழுந்து, பின்னால் திரும்பி, கடைசி பெஞ்சில் இருந்த ஒரு நெட்டைப் பெண்ணிடம், "நீ சொல்றியா?" என்றாள்.

"எனக்கு உயிரே போயிடுச்சும்மா. இன்னைக்குன்னு பார்த்தா திரும்பணும்?" என்றார் டீச்சர்.

பெரிய டீச்சர் முகம் மாறியதாம். "உன்னத்தானே கேட்டேன்?" என்று வாய் எடுப்பதற்குள் அந்த நெட்டைப் பெண் எழுந்துவிட்டாள். நெல் வயல் ஊர்ப் பெண், அதுவரை ஒரு பதிலும் சொல்லாதவள். விரலை மடக்கி மடக்கி, உதட்டுக்குள் முணுமுணுத்து, நேரம் எடுத்துக்கொண்டு, சரியான விடையைச் சொன்னாள். வகுப்பே திரும்பி அவளைப் பார்த்தது.

பெரிய டீச்சர் மறுபடியும் என் மகளிடம், "அது அவ பதில். உனக்கு என்ன தெரியும்? அதச் சொல்லு" என்றார். இவள் பின்னால் திரும்பவில்லை, கேள்வி இவளுக்கு மட்டும் என்று புரிந்துகொண்டாள். கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளில் தொடங்கினாள். எந்தக் கல்லுக்குக் கீழே இருக்கிறவன் எவ்வளவு வயதில் போனான், எது குழந்தைக் கல்லறை, கோட்டை இருந்த மேட்டில் இப்போது என்ன முளைத்திருக்கிறது என்று ஓட்டமாக ஓடினாள். "போதும், போதும்" என்று பெரிய டீச்சரே கையைக் காட்டி நிறுத்த வேண்டியிருந்ததாம். வெளியே போகும்போது வகுப்பு டீச்சரிடம், "எட்டாவதுலயே இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டேன். குடையோடு சேர்த்துப் பிடித்துவிட்டேன்.

பஸ்ஸில் மகளிடம் கேட்டேன். "ஏன்டி, அந்தப் பொண்ணு சொல்லிட்டு, உன்ன அப்புறம் அவங்க கேக்காமயே போயிருந்தா? ஏழாவதுல போயி உக்காந்திருப்பியா?"

"உக்காந்திருப்பேன். அவ எந்திரிச்சாளேம்மா."

தோப்பு அக்காவிடம் போய் இதைச் சொன்னேன். சவுக்குச் சருகைக் கூட்டிக்கொண்டிருந்தவர் துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தார். என் மகளை வளர்த்ததில் பாதி அவர், மீதியில் இந்த டீச்சருக்குப் பெரிய பங்கு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஒருவர் காத்திருக்கச் சொல்லிக்கொடுத்தார். இன்னொருவர் காத்திருப்பவளைத் துரத்தாமல் இருந்தார். எனக்குக் கொடுத்துவைத்தது அவ்வளவு.

கதை அங்கே முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். பொங்கல் முடிந்து பள்ளி திறந்த சமயம், பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் காய்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். பஸ் நிற்பதற்கு முன்னாலேயே மகள் குதித்தாள். நான் திட்ட ஆரம்பித்தேன். அவள் காதில் வாங்கவில்லை.

"அம்மா, இன்னிக்கி அவளும் பேசிட்டா!"

"எவடி?"

"ஆஜர்ல கை மட்டும் தூக்குவாளே, அவ. நான் கேட்டேன், 'நீ சொல்றியா'ன்னு. எந்திரிச்சாம்மா."

"அழலியா?"

"இல்ல."

"இன்னா சொன்னா?"

"'தெரியாது டீச்சர்'னு சொன்னா."

"டீச்சர் இன்னா சொன்னாங்க?"

"'பரவால்ல, நாளைக்கு மறுபடியும் உன்னதான் கேப்பேன்'னாங்க. அவ சிரிச்சாம்மா." பையைக் கீழே வைத்துவிட்டு, பென்சில் டப்பாவைத் திறந்தாள். "எல்லாரும் பேசிட்டாங்க. இப்பதான் என் பாடு."

சிப்பியை வெளியே எடுத்து, நான் காலையில் இஸ்திரி போட்டுக் கொடுத்த யூனிபார்மிலேயே துடைத்தாள். அன்றைக்கு எனக்குத் திட்டத் தோன்றவில்லை. பஸ் ஸ்டாண்டில், மீன் கூடைகளுக்கு நடுவில், கையில் கத்தரிக்காயோடு நின்றபடியே அழுதேன்.